மேல் லயத்தில் விடுமுறை

— கூடாரமா, வேனா, ட்ரெய்லரான்னு என்னையப் பாத்துக் கேக்குறியே துஷாந்த், ஒனக்குக் கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்கா?

— அக்கா, மெதுவா பேசு. கடைக்காரர் பாக்குறாரு.

— பாக்கட்டும். கடைக்கார நானா, நீங்களே கேளுங்க. இவரு என் கூடப்பொறந்த தம்பி. கொழும்புல உத்தியோகம். சித்திரை லீவுக்குப் பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து மலையில கூடாரம் அடிச்சுப் படுக்கப் போறாராம். கார்த்திகையில இருந்து கூடாரத்துலயே குடும்பம் நடத்துற என்னைய இம்புட்டுத் தூரம் பண்டாரவளைக்கு இழுத்துட்டு வந்து, 'அக்கா, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு'ங்குறாரு.

— கூடாரத்திலயா? எங்க ஈக்கிற தங்கச்சி நீங்க?

— ஹல்துமுல்லைக்கு இந்தப் பக்கம் நானா, எங்க தோட்டம். பெரிய மழைக்குக் கீழ் லயத்து வீடெல்லாம் மண்ணோட போச்சுல்ல? அதுக்கு மறுநாளே மேல் லயத்துல இருந்த எங்களையும் 'எறங்கு, எறங்கு'ன்னு எறக்கி விட்டாங்க. ஸ்கூல் கிரவுண்டுல கூடாரம் அடிச்சுக் குடுத்தாங்க. ரெண்டு கெழமைக்குத்தான்னாங்க. இந்தா, சித்திரையே வந்துருச்சு.

— அல்லா! அந்த ஆக்களா நீங்க? பேப்பர்ல பாத்த நான். சொந்தக்காரங்க யாரும் மவுத்தானா?

— எங்க வீட்டுல யாரும் இல்ல நானா. கீழ் லயத்துல பாக்கியலெட்சுமி அக்கா போனா. எனக்குச் சொந்தக்காரி இல்ல. ஆனா அவ போனதுக்கப்புறம்தான் சொந்தம்னா என்னான்னு தெரியுது.

— அக்கா, நான் ஒன்னையும்தானே கூப்பிட்டேன்? நீ, மச்சான், புள்ளைங்க எல்லாரும் வாங்க, ரெண்டு நாளைக்கு ஒன்னா சந்தோசமா இருப்போம்னுதானே சொன்னேன்?

— அதத்தான்டா சொல்றேன்! கூடாரத்துல கெடக்குறவள விருந்துக்குக் கூப்பிடுற, அதுவும் கூடாரத்துக்கே! எந்த ஊரு மரியாத இது?

— டென்ஷன் ஆகாத அக்கா. ஆர்த்திகா யாழ்ப்பாணத்துல வெயில்ல வளந்தவ. மலை, பனின்னு ஆசப்படுறா. புள்ளைங்க நான் பொறந்த எடத்த ஒரு தடவகூடப் பாத்ததில்ல. ஒவ்வொரு லீவுக்கும் 'பெரியவங்க ஆகட்டும், அங்க படுக்க எடம் பத்தாது'ன்னு தள்ளிப் போட்டேன். இப்ப காம்பராவே இல்ல. அதான் பிராக்டிகலா யோசிச்சு…

— எடம் பத்தாதுன்னு நான் சொன்னேனா? நீ சொன்னே. நான் வாசல் இஸ்தோப்புல பாய் போட்டுப் படுத்துக்கிட்டு ஒனக்கு உள்காம்பராவ விட்டுக் குடுத்துருப்பேன். கூச்சம் எனக்கு இல்ல, ஒனக்கு.

— சரி சரி, அக்கா தம்பி சண்டைய பொறவு பாப்போம். தங்கச்சி, கோவத்த வெச்சுட்டு இத ஒருக்கா தொட்டுப் பாருங்க. குடும்பத்துக்குச் செஞ்ச கூடாரம். ரெட்டத் துணி. உள்ளுக்கு ஒண்டு, வெளியால ஒண்டு, நடுவுல காத்துப் போற.

— ரெட்டத் துணியா?

— ஓ. ஒத்தத் துணி எண்டா வெள்ளன எழும்பக்குள்ள உள்பக்கம் எல்லாம் வேர்த்து ஊத்தும் தானே.

— பாத்தியா துஷாந்த்! நானும் இத்தன நாளா கூரை ஒழுகுதுன்னு நெனச்சேன். மச்சானும் மேல ஏறி ஏறி ரப்பர் ஷீட்டப் போட்டு மூடுறாரு. ஒழுகலடா. எங்க மூச்சுத்தான் எங்க மேலயே சொட்டுது! புள்ளைங்க கொப்பி நனைஞ்சு, ஸ்கூல் சட்ட காயாம, எந்நேரமும் இருமல். லீவுக்கு ரெண்டு நாள் வர்றவனுக்கு ரெட்டத் துணி. நாலஞ்சு மாசம் கெடக்குறவனுக்கு ஒத்தத் துணி. எவன்டா கணக்குப் போட்டது இத?

— அது நிவாரணம் அக்கா. அவசரத்துக்குக் குடுக்குறது…

— அவசரம் எங்களுக்குத்தானே! அவசரத்துல இருக்குறவனுக்குத்தானே நல்லதாக் குடுக்கணும்? இதுல தரையும் சேத்துத் தைச்சிருக்கு. அட்ட ஏறாது. எங்க கூடாரத்துல சின்னவ காது மடல்ல அட்ட கடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அவ பாட்டுக்குத் தூங்குறா. துணி மாத்த ஒரு மறைப்பு இல்ல. கெழமைக்கு ஒரு தடவ யாராவது கார்ல வந்து எறங்கி, பிஸ்கட் பாக்கெட்டக் கையில குடுத்து, 'சிரிங்க'ன்னு போட்டோ எடுக்குறாங்க. இவரு காசு குடுத்து அங்க போயி அவரே அவரப் போட்டோ எடுத்துக்குவாரு!

— அப்ப கூடாரம் வேணாம் நானா. இந்த வேன்னக் காட்டுங்க.

— வாங்க தம்பி. இது நான் பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி. சீட்ட மடிச்சா படுக்க. இங்க கேஸ் அடுப்பு. இந்தா, திருப்பினா தண்ணி வாற.

— உள்ளுக்குள்ளயா?

— ஓ தங்கச்சி. கீழ டாங்கி ஈக்கி.

— வேனுக்குள்ள குழாயா! எங்க லயம் வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது. அன்னியில இருந்து காம்பராவுக்குள்ள குழாய் வரல, பீலிக்கரைக்குத்தான் கொடத்தத் தூக்கிட்டு ஓடுறோம். நாலு சக்கரம் வச்ச டப்பாவுக்குள்ள வந்துருச்சு!

— சிரிக்கிறீங்களா நானா? எங்க அக்கா கோவத்துல பேசுனா எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. அது அவளுக்கு இன்னும் கோவம்.

— சிரிக்கல்ல தம்பி. நல்ல ஆள் எண்டு நெனச்ச. ஆனா ஒண்டு, வேன் எண்டா நீங்க நாலு பேர் படுக்கலாம். அக்காட குடும்பமும் சேந்தா எடம் காணாது. அதுக்கு ட்ரெய்லர்தான் சரி. பின்னால கொழுவி இழுத்துட்டுப் போய் நிப்பாட்டுற. வீடு மாதிரி. உள்ளுக்கு மேலயும் கீழயுமா படுக்க.

— எங்க இருக்கு அது?

— இங்க இல்ல. மேல கேம்ப்ல நிக்கிது. ஒரு தோட்டக் கம்பெனி புதுசா கேம்ப் தொறந்தீக்கி. என்ட கூடாரங்களும் ட்ரெய்லரும் அங்கதான். இண்டைக்குப் பின்னேரம் ஆக்கள் வாற, அதுக்கு முந்தி நான் எப்படியும் போகத்தான் வேணும். ட்ரெய்லர்ர கதவு கொஞ்சம் கரைச்சல். ஏறுங்க ரெண்டு பேரும், இந்த வேன்லயே போவோம். வேன்ன ஓடிப் பாத்த மாதிரியும் ஆகும், ட்ரெய்லர்ர பாத்த மாதிரியும் ஆகும்.

— எந்தப் பக்கம் நானா?

— அப்புத்தளை தாண்டி, ஹல்துமுல்லைப் பக்கம்.

— அப்ப என்னைய வழியில ஸ்கூல் கிட்ட எறக்கி விட்டுருங்க. நான் எதுக்குக் கேம்ப் பாக்க?

— அக்கா, வந்தது வந்துட்டே, பாத்துட்டே போ. இங்க முன்னால ஏறு. எப்படி இருக்கு சீட்டு?

— நல்லாத்தான் இருக்கு. அதுதான் எரிச்சலா இருக்கு.

— திங்கக்கெழம பதுளைக் கச்சேரி ஆபீசுக்குப் போறேன்னியே, என்னா விசயம்? போன்ல சரியாச் சொல்லல.

— எங்க எடத்துக்கு எங்களத் திரும்பப் போக விடுங்கன்னு மனு குடுத்திருக்கோம். எல்லாக் குடும்பமும் கையெழுத்து. பக்கத்துக் காம்பரா அழகர் அண்ணன் பெருவெரல் வச்சாரு. பேசுறதுக்கு என்னையப் போட்டுருக்காங்க. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்கிட்டுச் சத்தம் போட்டுச் சத்தம் போட்டு எனக்குத் தொண்ட நல்லா இருக்காம்.

— கம்பெனி வேற காணி தாரேன்னு சொன்னாங்கல்ல?

— சொன்னாங்க. ஏழு பேர்ச் காணி தாரோம், வீடு கட்டித் தாரோம்னு தொரை வந்து கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னாரு. இப்ப கேட்டா, சரிவு இல்லாத எடமெல்லாம் தேயிலையாம், தேயிலையப் புடுங்க முடியாதாம். மனுசனத்தான் புடுங்கலாம் போல. அப்ப எங்க பழைய எடத்தையாவது குடுங்கங்குறோம். அதுக்கு அனர்த்த ஆபீஸ் ஐயா ஒத்துக்க மாட்டேங்குறாரு.

— எது, பதுளையில இருக்குற இளையதம்பி ஐயாவா? ஆர்த்திகாவுக்குத் தூரத்துச் சொந்தம்னு சொன்னா.

— சொந்தமோ என்னமோ, நல்ல மனுசன்தான். 'பிள்ளை, அந்த மண்ணை நம்பேலாது, நான் கையெழுத்து வைக்கமாட்டன்'னு பதமாத்தான் சொல்லுவாரு. பதமாச் சொன்னா வலிக்காதா? எங்க லயத்துச் சுவத்துல ஒரு கீறல் கெடையாதுடா. கம்பெனி மெசினு கொண்டு வந்துதான் இடிச்சாங்க. இடிக்கிறப்ப அந்தச் சுவரு விழ மாட்டேன்னு நின்னுச்சு. நாங்க கிரவுண்டுல நின்னு கேட்டோம், அந்தச் சத்தத்த. நல்ல மண்ணுடா. அதத்தான் திங்கக்கெழம கத்திச் சொல்லப் போறேன்.

— இடிச்சதுக்கப்புறம் போய்ப் பாத்தியா?

— எங்க விட்டாங்க? சங்கிலி போட்டு, சிகப்பு எழுத்துல ஆபத்துன்னு போர்டு. வாச்சர் வேற. பீலிக்கரைக்கு அந்தப் பக்கம் காலு வச்சா வெரட்டுறான்… நானா, நானா, எங்க திருப்புறீங்க?

— கேம்ப் ரோட்டுத்தான் தங்கச்சி.

— இது எங்க ரோட்டு.

— அக்கா…

— எனக்குத் தெரியாதா துஷாந்த்? அந்தா மொடக்குல சாமிக் கல்லு. இது மேல் லயத்து ரோட்டு நானா! இங்க எங்க கேம்ப்பு?

— மேல கேட் ஈக்கி. இந்தா வந்த. பாருங்க, போர்டு.

— இங்கதான் அந்தச் சிகப்புப் போர்டு இருந்துச்சு. அதே கம்பம். அதே கம்பத்துல இங்கிலீசுல என்னமோ எழுதித் தொங்க விட்டுருக்கானுங்க. என்னாடா எழுதியிருக்கு, படி.

— 'வெல்கம்'னு இருக்கு அக்கா. 'குடும்பத்தோட வாங்க, மேகத்துக்கு மேல தூங்குங்க'ன்னு…

— நிறுத்துங்க வண்டிய!

— அக்கா, பாத்து எறங்கு. அக்கா!

— இந்தா, இங்கதான் என் இஸ்தோப்பு. இங்க நின்னுதான் நீ பஸ்ஸுக்குப் போறப்ப அம்மா கைய ஆட்டும். அழகர் அண்ணன் காம்பரா அது. அதுல ஒரு கூடாரம், மஞ்சக் கலருல. இது நான் வச்ச கொய்யா மரம்டா! மரத்துல பல்பு மாலை கட்டித் தொங்க விட்டுருக்கானுங்க, தேர்த் திருவிழாவுக்குக் கட்டுற மாதிரி!

— தங்கச்சி, அல்லாட சத்தியமா எனக்குத் தெரியா. பழைய ஸ்டோர் ஒண்டு ஈந்த எடம் எண்டுதான் மேனேஜர் சொன்ன. ஆக்கள் ஈந்த எடம் எண்டு ஒரு வார்த்த சொல்லல்ல.

— ஒங்கள ஒன்னும் சொல்லல நானா. ஆனா நீங்களே சொல்லுங்க, எங்களுக்கு ஆபத்தான மண்ணு காசு குடுக்குறவனுக்கு மட்டும் மெத்தையாயிருமா? எம் புள்ள படுத்தா சரியும், கொழும்புப் புள்ள படுத்தா சரியாதா? பாக்கியலெட்சுமி அக்காவ மண்ணுல இருந்து எடுத்து அவ கையக்கூட நாங்க கழுவி முடிக்கல, அதுக்குள்ள எங்கள எறக்குனாங்க. உசுரக் காப்பாத்துறாங்கன்னு நம்பி எறங்குனோம்டா. அடுப்புல இருந்த சோத்த விட்டுட்டு எறங்குனோம். லீவுக்கு வாடகைக்கு விடத்தான் எங்கள எறக்குனாங்களா?

— இத நான் சும்மா விட மாட்டேன் அக்கா. பேப்பர்காரங்க எனக்குத் தெரியும்.

— பேப்பர் கெடக்கட்டும். போனை எடு. போட்டோ புடி. கூடாரத்தப் புடி, பல்பப் புடி, அந்தப் போர்டப் புடி. நல்லாப் புடி. திங்கக்கெழம இத அந்த ஐயா மேசையில வைக்கிறேன். 'மண்ணு சரியில்லன்னீங்களே ஐயா, இதப் பாருங்க'ன்னு ஒரே ஒரு வார்த்ததான். ஜெயிச்சோம்டா! செவ்வாக்கெழம எல்லாரும் சட்டி பானையோட மேல வந்துருவோம். எவன் தடுக்குறான்னு பாக்குறேன்!

— தம்பி, கொஞ்சம் இங்க வாங்க. இந்தக் கதவ ஒருக்கா புடிச்சு இழுங்க.

— எறுகிக் கெடக்கு நானா. ட்ரெய்லரே ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதே?

— அதுதான் எனக்கும் வெளங்கல்ல. போன கெழம கதவு மாட்டுது எண்டு சொன்னாங்க. பசங்களுக்கு நல்லா ஏசின நான், ஒழுங்கா நிப்பாட்டல்ல எண்டு. பொறவு நானே வந்து மட்டம் வெச்சுப் பாத்து, நாலு காலுக்கும் கல்லுப் போட்டு, நேரா நிப்பாட்டிட்டுப் போன. இப்ப பாருங்க.

— ஜாக்கி எறங்கியிருக்கும்.

— ஜாக்கி எறங்கல்ல தம்பி. கல்லு எறங்கீக்கி. அந்தப் பக்கம் ரெண்டு கல்லும் அப்படியே கீழ போயீக்கி.

— என்னா நானா அங்க முணுமுணுக்குறீங்க?

— ஒண்டுமில்ல தங்கச்சி. அந்தப் பெரிய கூடாரத்தையும் பாருங்களேன். இங்கிட்டுக் கயிறு தொங்குது. அங்கிட்டு இழுத்து ஆணிய புடுங்கீக்கி. துணி தைச்ச எடத்துல கிழியப் பாக்குது. நடுவுல யாரோ ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்த மாதிரி.

— ஒங்க பசங்க சரியா அடிக்கல. அதுக்கு மண்ணக் குத்தம் சொல்லாதீங்க நானா. நான் இந்த மண்ணுலதான் கல்யாணம் கட்டுனேன், இங்கதான் ரெண்டு பெத்தேன்.

— அக்கா, இந்தப் பச்ச பிளாஸ்டிக் மேட்டு எதுக்குப் பாயாட்டம் விரிச்சிருக்கு? புல்லு மாதிரி இருக்கே, இது.

— அழகுக்கு விரிச்சிருப்பானுங்க. கொழும்புக்காரன் காலுல சேறு படக்கூடாதுல்ல.

— நடுவுல பள்ளமா இருக்கு. நானா, இது ஒங்க சாமானா?

— என்ட இல்ல. போன தடவ வரக்குள்ள இது இல்ல. மேனேஜர்ர ஆக்கள் போட்டீப்பாங்க.

— தூக்கிப் பாப்போம்.

— தூக்காத!

— ஏன் அக்கா?

— தூக்காதன்னா தூக்காத. போட்டோ எடுத்தாச்சுல்ல? வா போவோம். வெயிலு எறங்குது, புள்ளைங்க தேடும்.

— அக்கா, ஒனக்குத் தெரியுமா அடியில என்னா இருக்குன்னு?

— எனக்கு என்னா தெரியும்? நான் இன்னிக்குத்தானே வர்றேன்… தள்ளு. நானே தூக்குறேன். எங்க எடம், நானே தூக்குறேன்.

— அல்லா…

— கைய விடாத அக்கா! எவ்வளவு ஆழம்னு தெரியல. இந்தக் குச்சிய விடுறேன் பாரு. முழுசாப் போகுது.

— அது எங்க பழைய தண்ணிக் கானு.

— கானு அந்தப் பக்கம். மலையில இருந்து நேரா எறங்கும். இது குறுக்க ஓடுது.

— பழைய கானுங்குறேன்!

— நானும் இங்கதான் வளந்தேன் அக்கா. அந்தக் கானுல நான் எத்தன தடவ விழுந்திருக்கேன். இது கொய்யா மரத்துக்கிட்ட ஆரம்பிச்சு, ட்ரெய்லருக்கு அடியால போயி, அந்தக் கூடாரம் நடுவுல போகுது. ஒரு பக்கம் தாழ்ந்து வேற கெடக்கு. ஓரம் எல்லாம் பச்ச மண்ணு. இப்பத்தான் வெடிச்சிருக்கு.

— பேசாம இருடா கொஞ்சம்.

— தங்கச்சி, இந்தக் கல்லுல ஒக்காருங்க. முகம் வெளுத்துப் போன.

— பாக்கியலெட்சுமி அக்கா அன்னிக்குக் காலையில பீலிக்கரையில சொன்னா நானா. 'கதவு சாத்த மாட்டேங்குது நிஷாந்தினி, மழைக்குப் பலகை ஊதிருச்சு போல'ன்னா. நான்தான், 'மெழுகுவத்தி தேயி அக்கா, சரியாப் போகும்'னு சொல்லி அனுப்புனேன்.

— அது ஒன் தப்பு இல்ல அக்கா. யாருக்கும் தெரியாது.

— அன்னிக்குத் தெரியாது. இத மூடி வச்சவனுக்குத் தெரியும்ல? மேட்டு வாங்கியாந்து, அளவெடுத்து வெட்டி, ஆணி அடிச்சு மூடியிருக்கான்ல? பாத்துட்டுத்தானேடா மூடியிருக்கான்!

— இருங்க. நான் மேனேஜருக்குப் போன் அடிக்கிற. வாயத் தொறக்காதீங்க ரெண்டு பேரும்.

— என்னா சொல்றான் நானா? சிங்களத்துல அவ்வளவு வேகமாப் பேசுனா எனக்கு வெளங்கல.

— மேட்ட இழுத்துப் போட்டுட்டு அதுக்கு மேல கதிரை மேசை வைக்கட்டாம். நாளைக்கு மண்ணு கொண்டு வந்து அடைக்கிறாங்களாம். இண்டைக்கு வாற ஆக்கள நிப்பாட்ட வேணாமாம். நிப்பாட்டினா என்ட ஒப்பந்தத்த முறிக்கிறாராம்.

— வர்றவங்க யாரு?

— ரெண்டு வேன். கொழும்புல இருந்து. எல்லாம் குடும்பம். சின்னப் புள்ளைகள் படுக்கிற எண்டு ட்ரெய்லர்ர கேட்டவங்க.

— இந்த ட்ரெய்லர்லயா? இதுக்கு மேலயா? மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கிட்டு நிக்குது பாருங்க, இன்னிக்கு மழை வரும்!

— முறிக்கட்டும் அவன். முப்பது வருஷமா யாவாரம் செய்ற, என்ட சாமான்ல படுத்த ஒரு புள்ளைக்கு ஒரு தடுமல் வந்தது இல்ல. என்னை ஸ்டோர் எண்டு பொய் சொல்லி ஏமாத்தி, இப்ப என்ட கையாலயே மேட்டப் போடச் சொல்றானா? என்ன நெனச்சீக்கிறான் என்னை? தம்பி, அந்த வேன்ன எடுத்துக் கேட்டுக்குக் குறுக்கால போடுங்க. ஒருத்தனும் உள்ளுக்கு வர ஏலாது. கூடாரம் எல்லாத்தையும் நான் கழட்டுற.

— கழட்டுங்க நானா. ஆனா இன்னிக்கு நீங்க கழட்டுனா, நாளைக்கு இன்னொருத்தன் கூடாரத்தக் கொண்டாந்து அடிப்பான். மேட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

— அப்ப சொல்ல வேண்டிய எடத்துல நான் சொல்றேன் துஷாந்த். பதுளைக்கு, அந்த ஐயாவுக்கு.

— அக்கா, ஒரு நிமிசம். பிராக்டிகலா யோசி. வர்றவங்கள நானா திருப்பி அனுப்பிருவாரு. இன்னிக்கு யாருக்கும் ஆபத்து இல்ல. நீ ஒன்னும் பேசாத. திங்கக்கெழம அந்தப் போட்டோவ மட்டும் காட்டு. கூடாரம், பல்பு, போர்டு. வெடிப்பு நம்மகிட்டயே இருக்கட்டும். அந்தப் போட்டோவுக்குக் கம்பெனி பதில் சொல்ல முடியாது. நீ ஜெயிச்சிருவே.

— ஜெயிச்சு?

— ஜெயிச்சா அத வச்சுப் பேரம் பேசலாம். 'இந்த எடத்த நீங்களே வச்சுக்குங்க, வேற எடம் தாங்க'ன்னு.

— ஜெயிச்ச அன்னிக்கே அழகர் அண்ணன் தகரத்தத் தலையில தூக்கிட்டு மேல வந்துருவாருடா. அவரு ஒன்ன மாதிரி பேரம் பேசத் தெரிஞ்சவரு இல்ல. அவரு காம்பரா இருந்த எடத்துல அடுப்புக் கல்ல வச்சுட்டுத்தான் மறுவேல. அப்ப நான் என்னா சொல்லி நிறுத்துறது? அடியில பாத்தேன், மூடிட்டேன்னா?

— அப்ப நான் பேசுறேன். ஒன் பேரே வேணாம். யாரோ ஒரு கேம்ப்காரன் பாத்துச் சொன்ன மாதிரி இருக்கட்டும். நீ சொன்னா ஒன் மனுவுக்கு நீயே குழி வெட்டுன மாதிரி.

— அப்படிச் சொன்னா யாரு நம்புவா? கம்பெனிக்காரன், 'அது யாவாரப் போட்டியில சொல்ற பொய்யி'ன்னுவான். ரெண்டு மாசம் விசாரிப்பாங்க. திரும்பப் போகணும்னு தொண்ட கிழியக் கத்துனவ நான். நான் சொன்னா உடனே வருவாங்க.

— கிரவுண்டுல ஒன்ன என்னா சொல்லுவாங்கன்னு யோசிச்சியா?

— கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டான்னுவாங்க. தம்பி வேன்ல கூட்டிட்டுப் போனான், போயிட்டு வந்து மாத்திப் பேசுறாம்பாங்க. அழகர் அண்ணன் என் மொகத்தப் பாக்க மாட்டாரு. இன்னும் எத்தன மழையோ அந்த ஒத்தத் துணிக்குள்ளயே கெடக்கணும். எல்லாந் தெரியும். எனக்கும் ஆத்திரமாத்தான்டா வருது. நல்ல மண்ணா இருந்திருக்கக் கூடாதா இது?

— அழாத அக்கா.

— அழல. கோவம். கோவத்துல கண்ணுல தண்ணி வரக்கூடாதா?

— தங்கச்சி, ஒண்டு சொல்ற, குறை நெனைக்காதீங்க. இந்தக் கூடாரமெல்லாம் கழட்டி எனக்கு வைக்க எடமில்ல. ஒங்கட கிரவுண்டுல அடிக்கிற. ரெட்டத் துணி. வாடக எண்டு பேசினா எனக்குக் கோவம் வரும்.

— நானா…

— எனக்கும் ஒரு கூடாரத்த விடுங்க நானா. ஆர்த்திகாவையும் புள்ளைங்களையும் நான் கிரவுண்டுக்கே கூட்டிட்டு வாறேன். அக்கா கூடாரத்துக்குப் பக்கத்துல. வேன் வேணாம், ட்ரெய்லர் வேணாம்.

— வரட்டும். ஆனா விருந்தாளி மாதிரி வந்து போட்டோ எடுத்தா வெரட்டிருவேன். தண்ணி தூக்கணும். பாத்திரம் கழுவணும். இப்ப பதுளைக்கு நானே பேசிக்கிறேன், போனக் குடு.

— யாரு நம்பரு? ஐயாவோட நம்பரா? இந்தா, அடிக்குது. அக்கா, கடைசியாக் கேக்குறேன், நான் பேசட்டா?

— கைய எடு… ஹலோ, ஐயா? இளையதம்பி ஐயாவா? நான் மேல் லயத்து நிஷாந்தினி பேசுறேங்க. ஆமாங்க, திங்கக்கெழம வர்றவதான். இல்லீங்க ஐயா, இன்னிக்குச் சண்ட போட எடுக்கல. எங்க லயம் இருந்த எடத்துல நிக்கிறேன், மண்ணு வெடிச்சிருக்குங்க, கம்பெனி மேட்டப் போட்டு மூடி வச்சிருக்கு. ஒடனே ஆள அனுப்புங்க. இங்க இனிமே யாரையும் விடாதீங்க ஐயா. எங்களையும்.